வலப்பக்கம் மேலே

திருவிழாவுக்குப் போகிற பெண்ணுக்கு யுகாதா என்னும் கோடைக்கால அங்கியைக் கட்டிவிட அம்மாவோ அக்காவோ கூட இருக்க வேண்டும். எனக்கு இருந்தது வாடகை அறையும் ஒரு கண்ணாடியும்தான். வசந்தத்தில் இந்த ஊர் உணவுத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்ததிலிருந்து, கோதொனே என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் கூட வேலை செய்யும் மிஸுஹோ மட்டுமே. கோயில் திருவிழாவுக்கு அழைத்தவளும் அவள்தான்.

"நாலு பசங்க, நாலு பொண்ணுங்க. ஜோடி சேராம யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது, சொல்லிட்டேன்!"

யுகாதாவோடு மல்லுக்கட்டியதில் தாமதமாகிவிட்டது. நான் போனபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சுட்ட சோள வாசனை, மேளச் சத்தம், காகித விளக்குகள். ஒரு பையன் வரவில்லையாம். மற்றவர்கள் ஜோடியாகக் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். மிஸுஹோ கோயில் படிக்கட்டின் உச்சியிலிருந்து கையாட்டிவிட்டுப் போனாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தனியாவா வந்தீங்க?"

பின்னால் ஒருவன் நின்றிருந்தான். வெள்ளை யுகாதா. என்னுடையது சரியாகக் கட்டியிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அவனும் என்னைப்போலவே வலப்பக்கத் தலைப்பை இடப்பக்கத்தின் மேலே போட்டிருந்ததைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது.

"வராத அந்த நாலாவது ஆள் நீங்கதானா?"

"நான் வருஷா வருஷம் வர்றேன். யாருதான் பார்க்கறாங்க?"

சிரித்துவிட்டேன். பெயரைச் சொன்னேன். இருவரும் நடந்தோம். எதிரே வந்த கிழவிகள் என் மார்பைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். அவ்வளவு அழகாக இருக்கிறேனாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

துருவிய ஐஸ் இரண்டு கிண்ணம் கேட்டேன்.

"ஒரு ஆளுக்கு ரெண்டா?" என்றார் கடைக்காரர். கேலி செய்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அவன் பக்கம் ஊதுவத்தி வாசனை அடித்தது. என் ஐஸ் உருகி விரல்களில் வழிந்தது.

அவன் கையிலிருந்தது உருகவில்லை.

"எங்கயும் போயிட மாட்டீங்களே? நாளைக்கும் இருப்பீங்கல்ல?" என்றான் மெதுவாக. அப்படி ஒருவர் என்னிடம் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது!

"ஏய் கோதொனே!" மிஸுஹோ ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. "அடிப்பாவி! வலப்பக்கத்தையா மேல போடுவ? பொணத்துக்குத்தான்டி அப்படிக் கட்டுவாங்க!"

கோயில் கிடங்குக்குப் பின்னால் என்னை இழுத்துப் போய் அவிழ்த்து, இடப்பக்கம் மேலே வரும்படி கட்டிவிட்டாள்.

"தனியா நின்னு யார்கிட்டடி சிரிச்சுப் பேசிட்டிருந்த?"

திரும்பி வந்தோம். அவன் அங்கேயே நின்றிருந்தான்.

"கோதொனே?"

என்னைத் தாண்டி எங்கோ பார்த்தான்.

"இங்கதான் இருக்கேன்," என்றேன்.

அவனுக்குக் கேட்கவில்லை. ஐஸ் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி கூட்டத்துக்குள் போனான். பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது, என்னையும் ஒருவர் தேடுகிறாரே என்ற சந்தோஷம்.

அறைக்குத் திரும்பி யுகாதாவைத் துவைத்து, இடப்பக்கம் மேலே வரும்படி சேர்த்து, ஜன்னலோரம் மாட்டினேன். காலையில் வலப்பக்கம் மேலே இருந்தது. மாற்றினேன். மறுநாளும் அப்படியே. மிஸுஹோ இப்போது திருவிழாவில் தனக்கு ஜோடி சேர்ந்த பையனோடுதான் சாப்பிடப் போகிறாள். என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

இன்று காலை அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

ஜன்னல் விளிம்பில், ஆகஸ்ட் வெயிலில், ஒரு கிண்ணம் ஐஸ் உருகாமல் இருக்கிறது.