அந்தக் கடிதத்தை அனுப்பாதே!

ஃபோன் அலறியது.

அபர்ணா தோசைக் கரண்டியோடு ஓடி வந்தாள். திரையில் நம்பர் இல்லை. 'பிரைவேட்' என்று மட்டும் மின்னியது.

"ஹலோ?"

மறுமுனையில் மூச்சு... பிறகு, வாயில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு பேசுவது போல ஒரு குரல்!

"டொக்டர் அபர்ணாவோ?"

"ஆமா... நீங்க யாரு?"

"அதை விடும். தனபாலன்ட கடிதத்தை அமெரிக்காவுக்கு அனுப்பாதேயும். அனுப்பினா... நீர் முடிஞ்சீர்!"

"என்னது?!"

"ஓம்! சொன்னதைச் செய்யும். வைக்கிறன் லா!"

டொக்.

நியூசிலாந்து, ஆக்லாந்தின் எல்லர்ஸ்லியில் அவள் வீட்டுச் சமையலறையில் தோசை கருகியது.

2014, செப்டம்பர். சனிக்கிழமை மதியம்.

அபர்ணா ஈரோட்டுப் பெண். ஆக்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நான்கு வருடமாக டாக்டர். கணவன் பாஸ்கரனுக்கு அவன் கம்பெனி ஒஹையோவுக்கு மாற்றல் கொடுத்துவிட்டது. அவளும் போக வேண்டுமென்றால் அங்கே ஏதாவது ஆஸ்பத்திரியில் ரெசிடென்ஸி என்கிற பயிற்சி டாக்டர் இடம் கிடைத்தாக வேண்டும்.

கிடைக்காவிட்டால்? அவன் அங்கே! அவள் இங்கே! நடுவில் பசிபிக் பெருங்கடல்!

அந்த இடத்துக்கு, அவளை வேலை வாங்கிய பெரிய டாக்டர்களின் சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும். ஐந்து பேர் எழுதி நேராக இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். ஆனால் ஒரு ஆஸ்பத்திரிக்கு நாலு கடிதம்தான் அனுப்பலாம். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அவள் படிக்கவும் கூடாது. 'படிக்க மாட்டேன்' என்று ஒப்புக்கொண்டுதான் விண்ணப்பத்தையே ஆரம்பித்திருந்தாள்.

மூன்று கடிதங்கள் முடிவாகிவிட்டன. நாலாவது இடத்துக்குத்தான் அடிதடி.

ஒருவர் புரொபசர் தனபாலன். மலேசியத் தமிழர். இதய நிபுணர். அமெரிக்கா வரைக்கும் பெயர் தெரிந்தவர். அவரிடம் அவள் வேலை பார்த்தது மூன்றே வாரம்.

இன்னொருவர் டாக்டர் குலசிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் ஒன்றரை வருடம். அவர் சிரித்து வார்டில் யாரும் பார்த்ததில்லை. போன வருடம் ஒரு நோயாளிக்கு அபர்ணா மருந்தை இரண்டு மடங்காக எழுதிவிட்டாள். மருந்து உள்ளே போவதற்குள் தடுத்தாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு அவர் கத்திய கத்தலில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்!

பாஸ்கரன் சோபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்களை மூடி, துப்பறிய ஆரம்பித்தான்.

"குரல்ல 'ஓம்'னு வந்துச்சா?"

"வந்துச்சு."

"'நீர்', 'செய்யும்'னு பேசினானா?"

"ஆமா."

"முடிஞ்சுது கேஸ்! குலசிங்கம்தான் குற்றவாளி. தனபாலன் மேல பொறாமை. அவர் லெட்டரைத் தள்ளிட்டு தன்னோடதை நுழைக்கப் பாக்குறார்."

"அவரா? அவர் திட்டணும்னா நேர்லயே திட்டுவாரேப்பா. துண்டெல்லாம் தேவையில்லையே!"

"குற்றவாளிங்க அப்படித்தான் நடிப்பாங்க. லேப்டாப்பை எடு. குலசிங்கத்தைத் தூக்கு. தனபாலனைப் போடு."

அபர்ணாவின் விரல் மவுஸ் மேல் போனது... நின்றது.

"குலசிங்கம் சாரையே நேர்ல கேட்டுட்டு வந்துடறேன்."

"தனியாவா? ஆபத்து!"

"அப்போ நீயும் வா."

"மேட்ச் இருக்கு."

துப்பறிவாளர் டி.வி. ரிமோட்டைத் தேடினார். அபர்ணா கார் சாவியை எடுத்தாள்.

எப்சம். குலசிங்கத்தின் தெரு. வேலியெங்கும் தேர்தல் வேட்பாளர் படங்கள், மழையில் நனைந்தபடி சிரித்துக்கொண்டிருந்தன. அந்தத் தெருவில் சிரிக்காத ஒரே முகம், கையில் பெரிய கத்தரியோடு செடி வெட்டிக்கொண்டிருந்தது.

"என்ன பிள்ளை? ஆருக்கும் சுகமில்லாமப் போச்சோ?"

"இல்ல சார்... எனக்கு மதியம் ஃபோன் பண்ணீங்களா?"

"நானோ? ஏன்?"

அவள் நடந்ததைச் சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல். குலசிங்கத்தின் புருவங்கள் ஏறின. கத்தரி திறந்தபடியே நின்றது.

"கடைசியா என்ன சொன்னவன்? திருப்பிச் சொல்லும்."

"'வைக்கிறன் லா'ன்னு..."

"லாவோ?!" கத்தரி டப்பென்று மூடியது. "பிள்ளை, எங்கட ஊரில லா படிச்சவை இருக்கினம். லா போட்டுக் கதைக்கிறவை ஒருத்தரும் இல்லை!"

பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுகிற ஊர் எது? மலேசியா!

"அப்போ..."

"அதை நீர்தான் கண்டுபிடியும். ஆனா ஒண்டு. என்ர கடிதத்தை அனுப்ப முந்தி இதைத் தெரிஞ்சுகொள்ளும். நீர் விட்ட பிழையை அதில எழுதியிருக்கிறன்."

"சார்!! அந்த மருந்து விஷயத்தையா?"

"ஓம். ரெண்டு மடங்கு எழுதினதை."

"ஏன் சார்?"

"ஒருத்தரும் கவனிக்கேல்லை, பிள்ளை. நேர்ஸும் பாக்கேல்லை, நானும் பாக்கேல்லை. நீராத்தான் ஓடிவந்து 'நிப்பாட்டுங்கோ, நான் பிழை விட்டிட்டன்' எண்டு சொன்னனீர். அப்பிடி வந்து சொன்ன ஆக்களை நான் அதிகம் கண்டதில்லை. அதையும் எழுதியிருக்கிறன்." அவர் செடியின் பக்கம் திரும்பிக்கொண்டார். "அனுப்புறதும் விடுறதும் உம்மட விருப்பம்."

கார் துறைமுகப் பாலத்தில் ஏறியபோது அபர்ணாவின் கண்கள் கலங்கியிருந்தன. மழையால் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஜன்னல் மூடியிருந்தது!

ஆல்பனி. கதவைத் திறந்த புரொபசர் தனபாலனின் முகம் அவளைப் பார்த்ததும் வெளுத்தது. தோளில் ஒரு துண்டு... இன்னும் ஈரமாக!

"வாங்க, வாங்க... நிர்மலா!"

"அபர்ணா, சார்."

"ஆமாலா. அபர்ணா."

"உங்க லெட்டரை அனுப்ப வேணாம்னு நீங்களே எனக்கு ஃபோன் பண்ணீங்களே... ஏன் சார்?"

அவர் மறுக்கத் தொடங்கினார். பிறகு துண்டைப் பார்த்தார். பிறகு தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கு முடியாதுன்னு சொல்ல வராதும்மா. யார் வந்து கேட்டாலும் சரின்னுடுவேன். எழுதியும் குடுத்துடுவேன். ஆனா ஆள் யாருன்னே ஞாபகம் இருக்காது."

"அப்போ என் லெட்டர்ல என்ன எழுதினீங்க?"

"ஒரே லெட்டர்தான்லா. பன்னெண்டு வருஷமா. பேரை மட்டும் மாத்துவேன். போன வாரம் ஒஹையோவிலேர்ந்து ஒரு ஆஸ்பத்திரி டைரக்டர் மெயில் போட்டான். 'இந்த வரிகளை ஒன்பதாவது தடவை படிக்கிறேன்'னு. அப்போதான் உங்களோடதைத் தொறந்து பாத்தேன்..."

"பாத்து?"

"மூணாவது பாராவில நீங்க ஆம்பளை."

அபர்ணாவுக்குச் சிரிப்பதா, அழுவதா தெரியவில்லை.

"நேரடியா சொல்லியிருக்கலாமே சார்?"

"வெக்கமா இருந்துச்சு. குலசிங்கத்தோட இருபது வருஷமா சேர்ந்து சாப்பிடறேன். அவர் பாஷை நல்லா வரும்னு நெனச்சேன்."

"வரலை சார்."

திங்கட்கிழமை மாலை. லேப்டாப் முன்னால் பாஸ்கரன் நகம் கடித்தான்.

"உன் தப்பை எழுதியிருக்கிற லெட்டரையா அனுப்பப் போறே? யோசிச்சியா?"

"யோசிச்சேன். அஞ்சு பேர்ல அவருக்கு மட்டும்தான் நான் யாருன்னு முழுசாத் தெரியும்."

க்ளிக்!

பயந்துகொண்டேதான் அழுத்தினாள். இண்டர்வியூவுக்குக் கூப்பிட்ட ஒவ்வொரு இடத்திலும் அந்தத் தவறைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள். அவளும் மறைக்காமல் சொன்னாள். மார்ச்சில் முடிவு வந்தது.

ஒஹையோ!

பாஸ்கரன் சோபா மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அலறியது. இந்த முறை நம்பர் தெரிந்தது. தனபாலன்!

"வாழ்த்துக்கள்மா! நான் ஒரு சிக்கல்ல மாட்டிக்கிட்டேன். மெல்போர்ன்ல ஒரு பதவிக்கு அப்ளை பண்ணியிருக்கேன். சிபாரிசுக் கடிதம் கேக்குறாங்க. குலசிங்கத்தைக் கேட்டுத் தொலைச்சிட்டேன்..."

"நல்லதுதானே சார்?"

"என்ன நல்லது? அவர் உண்மையை எழுதுவார்லா! கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு நாலு பக்கம் கையாலேயே எழுதி அனுப்பிட்டாராம்!"

அபர்ணா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"அப்போ தப்பிச்சீங்க சார். டாக்டர் கையெழுத்தை மருந்துக்கடைக்காரரைத் தவிர யாராலும் படிக்க முடியாது!"