இரண்டாவது பதிவு

மத்தியானம் இரண்டு மணித் தொடரைப் பதிவுக்குப் போட்டுவிட்டுப் பின்னறைக்குத் தைக்கப் போனவள், ஆறரை மணிக்கு வந்து பட்டியலைத் திறந்தபோது ஒன்றுக்குப் பதிலாக இரண்டு பதிவுகள் இருந்தன. முதலாவது அந்தத் தொடர், முப்பது நிமிடம். அதற்குக் கீழே பெயரே இல்லாமல் இன்னொன்று. அதே தேதி, அதே இரண்டு மணி, முப்பத்தொரு நிமிடம்.

அப்படி வர வழியே இல்லை. டிவியோடு இணைந்த செட்-டாப் பெட்டியின் முதுகில் கேபிள் செருக இரண்டு துளைகள் இருந்தன. ஆனால் வாடகை வீட்டின் சொந்தக்காரர் சுவரில் இன்னொரு ஓட்டை போட விடாததால் மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து ஒரே ஒரு கேபிள்தான் கீழே இறங்கியிருந்தது. மாட்ட வந்த டிஷ்காரர் அன்றைக்கே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "ஒரு குழாய்ல சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் ஒரே நேரத்துல வருமா? அந்த மாதிரிதாம்மா. ஒரு சேனல ரெக்கார்டு போட்டா அது முடியற வரைக்கும் வேற எதுவும் வராது. நீங்க தலைகீழா நின்னாலும் வராது."

முன்னறைக் கட்டிலில் அவள் கணவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். பக்கவாதம் வந்து பதினோரு மாதம். இடது கையும் இடது காலும் போனதோடு பேச்சும் போய்விட்டது. பகலெல்லாம் அவள் பள்ளிச் சீருடைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் இருவரும் சேர்ந்து அந்தத் தொடரைப் பார்க்கிற அரைமணி நேரம்தான் அவர்கள் புருஷன் பெண்டாட்டியாக இருக்கிற நேரம்.

ஏதோ கோளாறு என்று நினைத்துப் பெயரில்லாத பதிவை ஓடவிட்டாள். திரை கறுப்பாகவே இருந்தது. ஒலி மட்டும் வந்தது. மேலே சுற்றும் மின்விசிறியின் முனகல், எங்கோ குக்கர் விசில், அதற்கெல்லாம் பின்னால் சுவர்களைத் தாண்டி வருவதுபோல ஒரு தையல் மெஷினின் ஓட்டம். பெல்ட் தேய்ந்துபோய், சுற்றுக்கு ஒருமுறை டிக்கென்று தட்டும் ஓட்டம். அது அவளுடைய மெஷின். அவளுடைய வீடு.

பிறகு ஒரு குரல் சொன்னது. "தண்ணி."

ரிமோட் கை நழுவி விழுந்தது. முப்பது வருஷம் கேட்ட குரல் அவளுக்குத் தெரியாதா? திரும்பிப் பார்த்தாள். அவர் உதடுகள் மூடியிருந்தன.

"தண்ணி வேணும். இவளுக்கு எங்க கேக்கப் போவுது," என்றது டிவி.

அன்று இரவு அவள் தூங்கவில்லை. ஆனால் மறுநாள் இரண்டு மணிக்கு அவள் விரல் தானாகவே பதிவுப் பொத்தானை அழுத்தியது.

தொடர் முடிந்த பிறகுதான் இரண்டாவது பதிவு பட்டியலில் ஏறும். அதுவரை தேடினாலும் கிடைக்காது. "முதுகுல துணி மடிஞ்சு குத்துது," என்றது அன்றைய பதிவு. ஓடிப்போய் அவரைப் புரட்டினாள். படுக்கை விரிப்பு சுருண்டு, முதுகில் சிவப்பாக ஒரு கோடு. அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். பதினோரு மாதம் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஊகித்ததெல்லாம் எவ்வளவு தப்பு! வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது என்றார். கஞ்சியில் உப்பு தூக்கல் என்றார். "சீரியல்ல அந்த மாமியார்காரி எப்பத்தான் செத்துத் தொலைவா? ரெண்டு வருஷமா இழுத்துக்கிட்டு கெடக்கறா," என்று அவர் ஒருநாள் அலுத்துக்கொண்டபோது, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கட்டிலிலிருந்து அவரும் பாதி வாயால் சிரித்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடும் என்று தோன்றியது. பதிவு மட்டும் நாளுக்கு நாள் நீண்டது. முப்பத்து மூன்று நிமிடம். முப்பத்தாறு. தொடர் ஓடியதோ அரைமணி நேரம்தான். மிச்ச நிமிடங்கள் எங்கிருந்து வருகின்றன என்று அவள் யோசிக்கவில்லை. கடைசியில் வெறும் இரைச்சல்தான் இருக்கும், அணைத்துவிடுவாள்.

ஒன்பதாம் நாள் டிஷ்காரர் வந்தார். வீட்டுச் சொந்தக்காரர் ஒருவழியாக மனமிரங்கியிருந்தார். "இன்னொரு கேபிள் இறக்கிடலாம்மா. அப்புறம் ஒண்ண ரெக்கார்டு போட்டுட்டு இன்னொண்ணு பாக்கலாம்."

"வேணாங்கண்ணே."

"இத்தன நாளா கேட்டீங்களே?" என்றபடி அவர் பெட்டியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தார். "இதென்ன, கேபிளே இல்லாத துளைல சிக்னல் நூறு காட்டுது?" பெட்டியைத் திருப்பி, காலித் துளையில் விரல் நுனியை வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். விரலைச் சட்டையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"என்னண்ணே?"

"காத்து மாதிரி... உள்ள இழுக்குதும்மா. இந்தப் பெட்டிய நான் எடுத்துக்கிட்டுப் போறேன். வேற குடுக்கறேன்."

"அதெல்லாம் வேணாம். நீங்க கெளம்புங்க."

அவர் வாசலில் செருப்பை மாட்டும்போது கட்டில் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

பன்னிரண்டாம் நாள் குரல் சன்னமாக இருந்தது. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"நீ தைக்கப் போனதும் வர்றாளே, அவள வரவேணாம்னு சொல்லு."

வாசல் கதவு பகலெல்லாம் உள்ளே தாழ்ப்பாள் போட்டுத்தான் இருக்கும். கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். "யாருங்க வர்றது?" அவர் வலது கையால் அவள் மணிக்கட்டை இறுகப் பற்றினார். கண்கள் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. மூக்கு, கன்னம், நெற்றி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதுபோல.

பதில் மறுநாள் பதிவில்தான் வந்தது.

"ஒன் சேலையத்தான் கட்டியிருக்கா. ஒன்ன மாதிரியேதான் நடக்கறா. கரண்டிய வாயில வைக்கறா. அதுல ஒண்ணும் இல்ல. ஆனா முழுங்கணும். முழுங்கற வரைக்கும் எடுக்க மாட்டேங்கறா." மூச்சு வாங்கும் சத்தம். "வயிறு ரொம்பிப் போவுது. அப்புறம் நீ குடுக்கற கஞ்சி எறங்க மாட்டேங்குது."

அவள் அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். விலா எலும்புகள் துணிக்கு அடியில் வைத்த சீப்புபோலத் தெரிந்தன. இந்த ஒரு மாதத்தில் அந்தச் சட்டையை இரண்டு தடவை பிடித்துத் தைத்திருந்தாள். நோய் என்று நினைத்திருந்தாள். இரண்டு தடவையும்.

அடுத்த நாள் அவள் தைக்கப் போகவில்லை.

எல்லாக் கதவுகளையும் பூட்டினாள். பின்னறை மெஷினுக்கு உறை போட்டாள். இரண்டு மணிக்குப் பதிவைப் போட்டு, டிவியின் ஒலியை அடக்கிவிட்டு, கட்டிலின் வலப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டப்பகல். ஜன்னல் வழியே வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிப் போனார்கள். பத்து நிமிடம். இருபது. அறைக்குள் மருந்து வாடையும், காய்ந்த துணியின் வாடையும். யாரும் வரவில்லை. யாருமே வரவில்லை. இரண்டரை ஆனது. அவருடைய கை மட்டும் வியர்த்து வழுக்கியது.

அவள் மூச்சை விட்டாள். மறு கையால் ரிமோட்டை எடுத்து, டிவியின் ஒலியைத் திரும்பக் கூட்டினாள்.

இரண்டாவது பதிவு ஏறியிருந்தது. நாற்பத்தேழு நிமிடம்.

ஓடவிட்டாள். கறுப்புத் திரை. மின்விசிறி முனகியது. சுவர்களுக்குப் பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

டிக். டிக். டிக்.

இன்று அவள் தைக்கவில்லையே.

மெஷின் நின்றது. ஸ்டூலைத் தள்ளும் சத்தம். பாதங்கள். தரையில் ஈரக்கால் ஒட்டி ஒட்டிப் பிரிவதுபோல, மெதுவாக, முன்னறையை நோக்கி.

"வந்துட்டா," என்றது அவர் குரல்.

பதிவை முன்னால் தள்ளினாள். பத்து நிமிடம். இருபது. முப்பது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முப்பத்திரண்டு. பதிவிலும் முப்பத்திரண்டாம் நிமிடம். விரலை எடுத்தாள்.

"என் பொண்டாட்டி கேட்டுக்கிட்டிருக்கா," என்றது குரல். "ரிமோட்ட புடிச்சிருக்கா. கை நடுங்குது."

அவள் கை நடுங்கியது.

"வலது கைய அவதான் புடிச்சிருக்கா. எனக்குத் தெரியும். சூடா இருக்கு."

மின்விசிறி சுற்றியது. வெயில் சதுரம் அசையாமல் கிடந்தது.

"எடது கைய இன்னொருத்தி புடிச்சிருக்கா."

அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

கட்டிலின் இடப்பக்கம் யாரும் இல்லை. பதினோரு மாதமாகச் செத்துக் கிடந்த அந்தக் கை விரிப்பின் மேல் இருந்தது. புறங்கையில் நான்கு பள்ளங்கள். சதை வெளுத்து, உள்வாங்கி. அவள் பார்க்கப் பார்க்க ஆழமாயின.

"என்னங்க..."

அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் நீர் வழிந்தது. வலது கையை உருவப் பார்த்தாள். அவர் விடவில்லை. பயத்தில் இறுக்கிக்கொண்டார்.

இடது கை எழுந்தது.

தானாக எழவில்லை. மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் தொங்க, தூக்கப்பட்டது. மார்பின் மேல். மெதுவாக. இந்தப் பக்கம்.

டிவியில் பேச்சில்லை. இரண்டு பேர் மூச்சு விடும் சத்தம். ஒரே சமயத்தில் இழுத்து, ஒரே சமயத்தில் விட்டார்கள்.

அந்தக் கை வந்து அவள் கையின் மேல் படிந்தது. சில்லென்று. அடியில் அவள் கை. அதன் மேல் அவர் கை.

அதற்கு மேலும் ஒரு கனம் இருந்தது.