வைஃபைக்கு முன்னால்

இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது. நாளை காலை பத்து மணிக்கு, சிங்காநல்லூர் குளத்துப் பறவைக் கணக்கை நவ்யாவின் குழு வகுப்பில் காட்ட வேண்டும்.

நாற்பத்திரண்டு நாள் கணக்கு. நவ்யா, எழில், சசிதர் மூவரும் அவரவர் வீட்டிலிருந்து ஒரே செயலியில் எழுதியது. இப்போது அதில் ஒரு வரிகூட இல்லை.

"எழில்தான் எதையோ தட்டிப்போட்டான்" என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு எழுதினார்கள்.

அப்போதுதான் நவ்யாவுக்குச் சசிதரின் நினைவு வந்தது.

கணக்கு முடிந்த அன்றே அவன் மேட்டுப்பாளையம் போய்விட்டான். அவன் டேப்லெட்டுக்கு அங்கே நெட் இல்லை. அந்தச் செயலியோ ஒவ்வொருவர் பிரவுசரிலும் ஒரு பிரதி வைத்திருக்கும். நெட் கிடைத்ததும் எல்லாப் பிரதிகளும் ஒன்றுபோல ஆகிவிடும்.

அப்படியானால் சசிதரிடம் கணக்கு பத்திரமாக இருக்கிறது. அவன் இன்று சாயங்காலம் ஊர் திரும்புகிறான். வீட்டு வைஃபை பட்டால் அதுவும் காலி.

அவனிடம் போன் கிடையாது; அவன் அம்மாவின் நம்பரும் நவ்யாவுக்குத் தெரியாது. அவன் வீட்டுக்கு ஓடினாள்.

தெருமுனையில் சசிதர் டேப்லெட்டைப் பார்த்தபடியே நடந்து வந்தான். பின்னால் அவன் அம்மா கோமளா. நவ்யா கேட்டை மறித்து நின்றாள்.

"உள்ள போயிறாதே."

"ஏன் புள்ள, பாம்பு கீம்பு வந்திருச்சா?" என்றாள் கோமளா.

"நெட்டு இருக்குது."

சசிதர் அம்மாவைப் பார்த்தான். "எங்க ஊட்டுல எப்பவும்தான் இருக்குது."

"ஃப்ளைட் மோடு போடு. சீக்கிரம்."

அவன் போட்டான். திரையில் நாமக்கோழி, முக்குளிப்பான், கூழைக்கடா எல்லாம் வரிசையாக இருந்தன.

"ஆன்ட்டி, உங்க போன்ல இதைப் படம் புடிச்சுக்கட்டுங்களா?"

"புடிச்சுக்க கண்ணு. நானாவது உள்ள போலாமா?"

"நீங்க போலாங்க ஆன்ட்டி."

நாற்பத்திரண்டு பக்கமும் படமாகி முடிந்தபோது தெருவிளக்கு எரிந்தது. நடந்ததில் பாதியை, குழுவில் எல்லோரும் எழிலைக் குறை சொல்வதுவரை, நவ்யா சொல்லியிருந்தாள்.

"நல்லவேளை. ராத்திரி உக்காந்து திரும்ப ஏத்திப்போடலாம்," என்றான் சசிதர். "நாளைக்கு மொதல் வேலையா எழிலைப் பத்தி டீச்சர்கிட்டச் சொல்லோணும்."

கணக்கு கிடைத்துவிட்டது. இனி யாரும் நவ்யாவைக் கேட்கப் போவதில்லை.

"எழில் இல்ல," என்றாள்.

"அப்புறம் யாரு?"

"ஒரு பக்கத்தை அழிக்கறேன்னு, எல்லாத்தையும் நாந்தான் அழிச்சுப்போட்டேன்."