எரிக்காத ஏழு பலகை

இரும்புக் கட்டிலுக்கு அடியில் மரத்தூள் கிடந்தது.

மரக்கட்டிலாக இருந்தால் கிஃபாயத்துல்லா அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். புதுப்பட்டினத்தில் மரவாடி வைத்திருக்கிறவர் வீட்டில் மரத்தூள் என்ன பெரிய அதிசயம்? ஆனால் இது அவருடைய வாப்பா காலத்துக் கட்டில். கால் இரும்பு, சட்டம் இரும்பு, நடுவில் நாடா. தலைக்கு மேலே சிமெண்டுத் தளம். அறைக்குள் பூச்சி வாய் வைக்க ஒரு ஈர்க்குச்சிகூடக் கிடையாது. அப்படியும் தலைமாட்டுப் பக்கம் தரையில், சோளமாவு நிறத்தில், கொஞ்சம் ஈரமாக, ஒரு கைப்பிடித் தூள் குவிந்திருந்தது. குனிந்து முகர்ந்தார். டர்பன்டைன் நெடி. அதற்கடியில் லேசாக ஒரு இனிப்பு. அந்த வாசனையை எங்கேயோ முகர்ந்திருக்கிறோம் என்று மனது சொன்னது. எங்கே என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

தங்கை சைதூன் துடைப்பமும் முறமுமாக வந்து நின்றாள். புருஷனை இழந்த பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். மைனி, அவர் பெண்டாட்டி, இறந்துபோனதிலிருந்து அடுப்படி அவள் பொறுப்பு.

"அண்ணே, வாடியிலயே உதறிட்டு வான்னு எத்தினி வாட்டி சொல்றது? தெனம் பெருக்கிகினு கீறேன். தெனம் ஜாஸ்தியாவுது."

"லுங்கியில ஒட்டிகினு வந்திருக்கும்."

"ரெண்டு நாளா ஜொரம்னு படுத்துகினு கீற. வாடிக்கு எங்க போன?"

சைதூன் தூளை முறத்தில் வாரினாள். வாரிக்கொண்டே அவருடைய தலையணையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை. இவளுக்கு ஏதோ தெரிந்திருக்குமோ? யார் சொல்லியிருப்பார்கள்? வாடியில் வேலை செய்கிற எல்லப்பனைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

ஜுரத்தோடேயே சட்டையை மாட்டிக்கொண்டு வாடிக்குக் கிளம்பினார்.

ஐப்பசி வானம் கடல் பக்கம் கறுத்துக் கிடந்தது. மழை வரவில்லை, வரப்போகிற புழுக்கம் மட்டும் வந்திருந்தது. வாடிக்குப் பின்னால் ஊர்க்காரர்களை அடக்கம் செய்கிற கபர்ஸ்தான், அதைத் தாண்டிக் கடற்கரை வரைக்கும் சவுக்குத் தோப்பு. சாதாரண நாளில் அந்தத் தோப்பு விடாமல் ஒரு 'ஹோ' போட்டுக்கொண்டே இருக்கும், ஊர்க்காரர்களுக்கு அது காதிலேயே விழாது. இன்று அந்தச் சத்தம் ஒரு இடத்தில் இல்லாமல் இருந்தது. கபர்ஸ்தான் மதிலை ஒட்டிய மரங்கள் ஊசி உதிர்ந்து, பழுப்பேறி, மொட்டைக் குச்சியாக நின்றன. காற்று அவற்றுக்குள் புகுந்து சத்தமில்லாமல் வெளியே போயிற்று.

மதிலோரத்தில் சர்க்கார் ஜீப் நின்றது. அந்த வருடம் ஜீப்பைக் கண்டாலே ஊர் பேச்சைக் குறைத்துக்கொள்ளும். எமர்ஜென்சி வந்து ஒன்றரை வருடமாகப் போகிறது, யாரை எதற்கு ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று சொல்ல முடியாத காலம். ஆனால் இந்த ஜீப்பில் வந்தவர் பார்த்தசாரதி. செங்கல்பட்டிலிருந்து வருகிற பயிர்ப் பாதுகாப்பு அதிகாரி, சாது மனிதர். டாக்டர்கள் வைத்துக்கொள்கிற ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு ஒரு பூவரச மரத்தின் அடியில் குந்தியிருந்தார். பக்கத்தில் சிவப்புப் பெயிண்ட் டப்பா. எல்லப்பன் பிரஷ்ஷோடு நின்றான். இருவரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். கிஃபாயத்துல்லா வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"வாங்க பாய். உடம்பு சரியில்லன்னு எல்லப்பன் சொன்னான்." பார்த்தசாரதி ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி நீட்டினார். "கேட்டுப் பாருங்க."

காதில் வைத்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மரத்துக்கு உள்ளே, ஆழத்தில், பல் போனவர் முறுக்கை வாயில் ஊறவைத்துக் கடிப்பது மாதிரி ஒரு சத்தம். கர்ர்... கர்ர்... கொஞ்சம் ஓய்வு. மறுபடி கர்ர்.

அந்தச் சத்தம் அவருக்குப் புதிதல்ல. ஒரு வாரமாகத் தலையணையில் காது படும்போதெல்லாம் அதைக் கேட்கிறார். எலி என்று நினைத்து சைதூனிடம் பொறி வைக்கச் சொல்லியிருந்தார்.

"இது நம்ம ஊர் வண்டு இல்ல பாய். நம்ம ஊர் வண்டு செத்த கட்டைய உளுக்க வைக்கும், அவ்வளவுதான். இது உயிரோட இருக்கிறதைத் தேடிப் போயித் தின்னும்." பார்த்தசாரதி மரத்தில் இருந்த வட்டமான துளையில் பென்சிலை விட்டுக் காட்டினார். பென்சில் தாராளமாகப் போனது. "போன வருஷம் உங்க வாடியில பார்த்தோமே, மெஷின் வந்த வெளிநாட்டுப் பெட்டிப் பலகை. அதுல இருந்த அதே புழு."

"அதத்தான் எரிச்சாச்சே சார்."

"ஆமா. எரிச்சதா நீங்க எழுதிக் குடுத்த கடுதாசி என்கிட்ட இருக்கு." அவர் சிரிக்கவில்லை. "காஞ்ச மரங்களை வரைபடத்துல குறிச்சுப் பார்த்தேன். ஒரு வட்டமா வருது. நடுவுல கபர்ஸ்தான் இருக்கு. அங்க எதாவது கட்டை, பலகை புதைஞ்சு கெடக்கா? நீங்க ஜமாத்துல இருக்கீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் தோண்டலாம். சொல்லலைன்னா கையை வைக்க முடியாது."

"ஒண்ணும் இல்ல சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க. இந்த மழைக்குள்ள நிறுத்தலைன்னா மகாபலிபுரம் வரைக்கும் ஒரு சவுக்கு நிக்காது. அப்புறம் புயல் அடிச்சா கடல் மணல் உங்க ஊர்க்குள்ளதான் வரும்."

"இல்லன்னு சொல்லிகினு கீறேனே சார்."

எல்லப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

போன ஐப்பசியில் நடந்தது இதுதான். அந்தப் பெட்டிப் பலகைகளை இங்கேயே எரித்துவிட வேண்டும் என்று பார்த்தசாரதி எழுதிக் கொடுத்தார். பூச்சி இருக்கிற மரத்தை ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது, நகர்த்தினால் போகிற வழியெல்லாம் பரவும், மந்திரி வீட்டு மாமரமாக இருந்தாலும் தயவு தாட்சண்யம் கிடையாது என்று மூன்று முறை சொன்னார். மழை வலுக்கவே, எரித்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று நம்பிக்கையோடு கிளம்பிப் போனார். கிஃபாயத்துல்லாவும் கொட்டகைக்குள் வைத்து எரிக்கத்தான் செய்தார். பாதி எரிந்துகொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்தது. நான்கு நாள் காய்ச்சலில் கிடந்த பெண்டாட்டி ஷரீபுன்னிசா மவுத்தாகிவிட்டாள்.

ஊரில் யார் மவுத்தானாலும் கபர்க் குழிக்குள் மையத்து உடலின் மேல் மண் விழாமல் அடுக்குகிற பலகை அவர் வாடியிலிருந்துதான் போகும். கேட்காமலே போகும். வாப்பா காலத்து வழக்கம் அது. அன்றைக்கு வாடியிலிருந்த பலகை அத்தனையும் ஏழு நாள் மழையில் ஊறி, பூசணம் பிடித்துக் கிடந்தது. ஊருக்கெல்லாம் நல்ல பலகை கொடுத்தவன் தன் பெண்டாட்டிக்கு அழுகின பலகையையா வைப்பான்? கொட்டகையில் எரியாமல் ஏழு பலகை மிச்சமிருந்தன. வெள்ளை வெளேரென்று, ஒரு கணு இல்லாமல், அத்தர் மாதிரி மணத்தோடு. எல்லப்பனும் அவருமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். கபருக்குள் இறங்கி, கண்ணீரோடு கண்ணீராக அவரே அடுக்கினார். கடைசிப் பலகையில் ஒரு சிறாய் வலது உள்ளங்கையில் ஆழமாக ஏறியது. அப்போது வலிக்கவில்லை. பிறகு எவ்வளவு தோண்டியும் அது வெளியே வரவில்லை.

மறுநாள், எல்லாவற்றையும் எரித்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது சொன்னால் தோண்டுவார்கள். பலகையை ஒவ்வொன்றாகத் தூக்குவார்கள். ஒரு வருடம் மண்ணுக்குள் இருந்தவளை, உயிரோடிருந்தபோது வாசலுக்கு வந்தாலும் முக்காடு சரியாதவளை, ஊர் எட்டிப் பார்க்கும். அதற்கு அவர் சம்மதிக்க முடியாது. சவுக்கு போனால் போகட்டும். இப்படி நினைத்ததும் அவருக்கே தன் மேல் வெறுப்பாக வந்தது. ஆனாலும் அப்படித்தான் நினைத்தார்.

ஜீப் தோப்புப் பக்கம் நகர்ந்ததும் கபர்ஸ்தானுக்குள் போனார். சாயங்கால அசர் தொழுகை நேரம்தான், ஆனால் மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. ஷரீபுன்னிசாவின் தலைமாட்டில் அவர் நட்ட மருதாணிச் செடி போன மாதம்வரை தளதளவென்று இருந்தது, இப்போது இலை ஒன்றில்லை. விரல் கனத் தண்டில் வட்டமாக ஒரு ஓட்டை. மண்மேட்டின் மேல் சோளமாவு நிறத்தில் சின்னச் சின்னக் குவியல்கள், யாரோ உள்ளேயிருந்து ஒவ்வொரு சிட்டிகையாக வெளியே தள்ளிவைத்த மாதிரி. டர்பன்டைன் நெடி. அந்த இனிப்பு.

மண்டியிட்டுக் காதைத் தரையில் வைத்தார்.

கர்ர்... கர்ர்...

பத்து இருபது இடத்திலிருந்து கேட்டது.

"ஷரீபு," என்றார்.

சத்தம் நின்றது. மொத்தமாக, ஒரே நேரத்தில்.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கீழே ஏதோ ஒன்றும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றியது. பிறகு ஒன்று மட்டும் தொடங்கியது. மெதுவாக. மிகப் பக்கத்தில். அவர் தலையைத் தூக்கினார். சத்தம் குறையவில்லை. எழுந்து நின்றார். குறையவில்லை. மதிலைத் தாண்டி, வாடியின் தகரக் கொட்டகைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதும் அது கூடவே இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின் மேல் கொட்டுகிற சத்தத்தில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி. வேறெதுவும் கேட்காது.

பார்த்தசாரதி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். எல்லப்பன் வாசலோடு நின்றுகொண்டான்.

"பாய், எழுத்துல குடுத்துடுங்க. கபர்ஸ்தானுக்குள்ள வெளி மரம் எதுவும் இல்லைன்னு. நான் வேற எடத்தைப் பார்க்கிறேன்."

எவ்வளவு சுலபம். ஒரு கையெழுத்துத்தான். எல்லப்பன் வாயைத் திறப்பானா என்று வாசலைப் பார்த்தார். அவன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தசாரதி மேசையில் வைத்த தாளை இழுத்துப் பேனாவை வாங்கினார். வலது கை கனத்தது. 'கிஃபா' என்று எழுதியபோது சட்டைக் கைக்குள்ளிருந்து தாளின் மேல் மெல்லிய தூள் விழுந்தது.

பார்த்தசாரதி அதை ஊதித் தள்ளினார். மறுபடி விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். தகரம். நாற்காலியைப் பார்த்தார். இரும்பு. தூளை விரலில் தொட்டு முகர்ந்தார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, நாற்காலிக்குப் பின்னால் வந்து, அதன் வட்டத்தை கிஃபாயத்துல்லாவின் முதுகில் வைத்தார்.

ரொம்ப நேரம் எடுக்கவில்லை. வேறொரு இடத்தில் வைத்தார். தோளில். கையில். உள்ளங்கையில்.

முன்னால் வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"சார்," என்றார் கிஃபாயத்துல்லா. "சொல்லிடறேன் சார். எம் பொஞ்சாதி கபர்ல கீது. ஏழு பலகை. தோண்டிக்கோங்க. என்ன மட்டும் ஆஸ்பத்திரிக்கு..."

"அதை அப்புறம் பாத்துக்கலாம் பாய்." குரல் அன்பாகத்தான் இருந்தது. "நீங்க அசையாதீங்க. ஒரு அடிகூட நகராதீங்க."

பார்த்தசாரதி அவரைப் பார்த்தபடியே பின்வாங்கி வெளியே போனார். கதவு சாத்தப்பட்டது. வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

கிஃபாயத்துல்லா எழ முயன்றார். கால் எழவில்லை. லுங்கிக்குக் கீழே தரையில் சோளமாவு நிறத்தில் தூள் குவிந்துகொண்டிருந்தது.

வெளியே, மழைக்கு நடுவில், எல்லப்பன் குரல்.

"கிர்ஸ்னாயில் டின்னு ஜீப்ல கீது சார். எத்தினி மரம் எரிக்கணும்?"

ஜீப் பக்கத்திலிருந்து பார்த்தசாரதி குரல்.

"ஒண்ணு."

கத்த வேண்டும். வாயைத் திறந்தார். தூள் வந்தது.

மேசையின் மேல், முடியாத கையெழுத்துக்குப் பக்கத்தில், வலது கை விரிந்து கிடந்தது. பழைய சிறாய் ஏறிய இடத்தில் இப்போது பென்சில் போகிற அளவுக்கு வட்டமான துளை. ரத்தம் இல்லை. அதற்குள்ளிருந்து கறுப்பாக, கணுக்கணுவாக, இரண்டு நீள மீசைகள் மெதுவாக வெளியே வந்து, காற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவிப் பார்த்தன.