அறுபட்ட ஈய முத்திரை

போன் அலறியது.

உணவுப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் ரவ்தா எடுத்தாள். மறுமுனையில் நாபூல் நகர அலுவலகத்தின் பெரிய அதிகாரி.

"லேப் ரிப்போர்ட் வந்துடுச்சு. சாயமே இல்லையாம்."

"முதலாளி நல்ல டின்னா பார்த்து மேல் வரிசையில அடுக்கி, நம்ம தலையில கட்டிட்டாரு சார். இன்னொரு சாம்பிள் எடுக்கறேன்..."

"முடியாது. சுத்தம்னு ரிப்போர்ட் வந்தப்புறம், புதுசா ஏதாவது குற்றம் நடந்தாத்தான் தொடலாம். ஒரு மணிக்கு முத்திரையைப் பிரிச்சுக் குடு. அப்படியே உன் ராஜினாமாவையும் எழுதிட்டு வா."

லைன் செத்தது. மணி பன்னிரண்டரை.

அவள் நின்ற கிடங்கில் நாலாயிரம் டின் ஹரிஸா, மிளகாய் விழுது. சுற்றிலும் கயிறு, கயிற்றில் அரசாங்கத்தின் ஈய முத்திரை. 'நூறு சதம் வெயிலில் உலர்ந்த மிளகாய்' என்றது லேபிள். உள்ளே பாதிக்கு மேல் துணிச் சாயம். பிள்ளைகள் ரொட்டியில் தடவித் தின்னும் பண்டம்... என்ன நெஞ்சழுத்தம்!

ஒரு மணிக்கு லாரி கிளம்பினால் டின்களும் போச்சு, ரவ்தாவின் வேலையும் போச்சு.

முதலாளி ஹாஜி தீஜானி சாப்பாட்டுத் தட்டோடு வந்தார். பின்னாலேயே தொழிலாளர்கள் பத்துப் பேர், வேடிக்கை பார்க்க.

"சாப்பிட்டுப் போ மகளே. என் வாசலுக்கு வந்தவங்க பசியோட போனதில்ல. தோத்துப் போனவங்க கூட."

ரொட்டி, சூரை மீன், நடுவில் ஆலிவ் எண்ணெய் மிதக்கும் ஹரிஸா. சாயமில்லாத நல்ல கருஞ்சிவப்பு.

ரவ்தா குனிந்து பார்த்தாள்.

"இது உங்க வீட்டு அம்மா அரைச்சதாச்சே. உங்க டின்னை உங்க வீட்டுலயே தொட மாட்டாங்களா ஹாஜி?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹாஜியின் முகம் சுண்டியது.

"வாயை அடக்கு. சாப்பிடு."

"வேண்டாம். உங்க சோத்தை நம்பி வாயில வைக்க முடியாது."

தட்டைத் தள்ளி வைத்தாள்.

கன்னத்தில் அறைந்திருந்தால் கூட ஹாஜி பொறுத்திருப்பார். விருந்தாளி தட்டைத் தள்ளுவதா... அதுவும் கூலியாட்கள் முன்னால்!

தட்டிலிருந்த கத்தியை எடுத்தார்.

ரவ்தா அசையவில்லை.

ஹாஜி அவளைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தார்.

சரக்...

கயிறு அறுந்தது; ஈய முத்திரை தரையில் விழுந்தது. அடி வரிசையிலிருந்து ஒரு டின்னை உருவினார். மூடியைக் கத்தியால் கிழித்தார். விரலால் வழித்து வாய் நிறையத் திணித்தார். கல்யாண வீட்டுப் பந்தல் துணி போலப் பளபளத்தது அந்தச் சிவப்பு.

"பார்த்தியா? செத்தா போயிட்டேன்?"

"இல்ல." ரவ்தா கடிகாரத்தைக் காட்டினாள். "மணி பன்னிரண்டு நாப்பது. ஒரு மணி வரைக்கும் அந்த முத்திரை அரசாங்கத்தோடது. அதை அறுத்தது புதுக் குற்றம். பத்து சாட்சி. இனி எந்த டின்னை வேணா நான் எடுக்கலாம்... முதல்ல உங்க கையில இருக்கறதை."

ஹாஜியின் தாடை பாதியில் நின்றது.

"நா... நான் என் வக்கீலைக் கூப்பிடறேன்."

"தாராளமா. அவருக்கும் பசிக்கும்னு இன்னொரு டின்னைத் திறந்துடாதீங்க."