எதிர்வெயிலில் எடுத்த படம்

"வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரரை ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க சார். சாட்சி சொல்றது என் கூடப்பிறந்த தம்பி," என்றாள் பிரோன்கா. அழ வேண்டியதை எல்லாம் வீட்டிலேயே அழுது முடித்துவிட்டு வந்தவள் போலிருந்தாள்.

துப்பறியும் ஹோசெக் அவளை உட்காரச் சொன்னார். அவருக்குத் தட்டச்சு செய்யும் வெர்னா, யாரும் கூப்பிடாமலே நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். மூக்கை நுழைப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம் என்று ஹோசெக்கே சொல்லுவார்.

விஷயம் இதுதான். பிரோன்காவின் கணவன் ஸ்டெஃபான், சிகாகோவின் மேம்பால ரயிலில் ஓட்டுநர். தம்பி லூட்விக் அதே வண்டியில் நடத்துநர். அவன் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, எல்லாரும் ஏறியதும் மணிக்கயிற்றை இழுக்க வேண்டும். மணி கேட்டால்தான் ஓட்டுநர் வண்டியை எடுப்பார். நவம்பரில் ஒரு சாயங்காலம், ஒரு கிழவி ஏறி முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அவள் இடுக்கில் விழுந்து செத்துப்போனாள். மணி கேட்டது என்கிறான் ஸ்டெஃபான். அடிக்கவே இல்லை என்கிறான் லூட்விக்.

"தம்பி பேச்சுக்குத் தோதா ஒரு படமும் இருக்கு," என்று நீட்டினாள் பிரோன்கா.

ரயில் பைத்தியமான நார்பர்ட் என்பவர், அன்று சாயங்காலம் ஏரிப்பக்க நடைமேடையில் நின்று எடுத்ததாகக் கொடுத்தது. பழைய மர ரயில்பெட்டி வெயிலில் பளபளத்தது. ஆணித்தலைகளைக்கூட எண்ணிவிடலாம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் லூட்விக், கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"கயித்துப் பக்கமே கை போகலையே சார்! ஸ்டெஃபான் நல்லா மாட்டிக்கிட்டார்," என்றாள் வெர்னா.

"நம்ம ஊர்ல ஏரி எந்தப் பக்கம் வெர்னா?"

"கிழக்கே. இதுகூடத் தெரியாமலா துப்பறியறீங்க?"

ஹோசெக் சிரிக்கவில்லை. மறுநாள் லூட்விக்கையும் நார்பர்ட்டையும் வரவழைத்தார். நார்பர்ட் தான் எடுத்த படங்கள் அடங்கிய பெட்டியோடு வந்தார். பிரோன்காவும் வந்திருந்தாள்.

"ஏரிப்பக்கம் நின்னு எடுத்தா, படத்துல தெரியுறது பெட்டியோட கிழக்குப் பக்கம். சாயங்காலம் அங்க எப்படிங்க வெயில் அடிக்கும்?" என்று கேட்டார் ஹோசெக்.

நார்பர்ட்டின் காது சிவந்தது. "அது அன்னிக்குக் காலையில எடுத்தது சார். அதே வண்டி, அதே இடம். சாயங்காலம் எடுத்தது எதிர்வெயில்ல கெட்டுப்போச்சு. அந்தக் கண்றாவியை எப்படி வெளியில காட்டுறது? எங்க சங்கத்துல சிரிப்பாங்க. நடத்துநர் எப்பவும் அங்கதானே நிக்கிறாருன்னு காலைப் படத்தையே கொடுத்துட்டேன்..."

"ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போறான்யா!" என்று கத்தினாள் வெர்னா.

"விடு வெர்னா. இந்த மாதிரிப் படம் எடுக்கிறவங்க பொய் சொல்றவங்க இல்ல. ஆனா அசிங்கமான படத்தைச் செத்தாலும் காட்ட மாட்டாங்க. அதனாலதான் இன்னொண்ணு இருக்கும்னு தோணிச்சு. எடுங்க நார்பர்ட்."

அந்தப் படத்தில் பெட்டி வெறும் கரியாக இருந்தது. ஆனால் இரண்டு பெட்டிகளுக்கு இடையே மேற்கு வானம் வெளிச்சமாக இருந்ததால், அங்கே நின்றவர்களின் உருவம் வெட்டி ஒட்டியதுபோல் தெரிந்தது. கிழவியின் ஒரு கால் பெட்டியில், இன்னொன்று நடைமேடையில். நடத்துநர் கிழவியைப் பார்க்காமல் முகத்தை மறுபக்கம் திருப்பியிருந்தான். தூக்கிய கையில் மணிக்கயிறு.

பிரோன்கா கணவனைக் காப்பாற்ற வந்தவள். அதற்கு இப்படி ஒரு விலை இருக்கும் என்று நினைத்துப் பார்க்க அவளுக்குத் துணிவு வந்ததே இல்லை.

"மணி அடிச்சியான்னு கேட்டாங்க அக்கா. பயத்துல இல்லைன்னு வந்துடுச்சு," என்றான் லூட்விக். "அப்புறம் மாத்திச் சொல்ல முடியல. என் பொண்டாட்டி வேற மாசமா இருக்கா."

"இதை நான் கொண்டுபோய்க் கொடுத்தா, அப்புறம் நான் உனக்கு அக்கா இல்லடா." படத்தை அவன் கையில் வைத்தாள் பிரோன்கா. "நீயே கொடு. நான் கூட வர்றேன். கோட்டைப் போடு."

அவன் பொத்தானைத் துளை மாற்றி மாட்டினான். கழுத்துவரை ஒவ்வொன்றாக அவளே மாட்டிவிட்டாள்.