நீவிய கழுத்து

சிவப்புப் பென்சில் வட்டத்துக்குள் இருந்த வெள்ளைப் புள்ளி, வட்டத்தை விட்டுக் கீழே இறங்கியிருந்தது.

காசியம்மாள் ஸ்கேன் படத்தை மறுபடியும் ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். கன்னத்தில் புற்று வைத்த புருஷன் கண்ணாயிரத்தின் கழுத்தைச் சென்னையில் எடுத்த படம். வட்டம் போட்டவர் அங்கத்திய டாக்டர். "இந்த ஒரு கட்டிதான் பரவியிருக்கு. வெள்ளிக்கிழமை வாங்க, எடுத்துடலாம். கழுத்துல இன்னும் கீழ இறங்கிட்டா நான் கத்தி வைக்க மாட்டேன்."

வியாழனே மறியல் தொடங்கிவிட்டது. எண்பத்தேழு புரட்டாசி, இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம். கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கமும் பஸ் இல்லை. தியாகதுருகம் சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தவர்களில் அவள் தம்பி கொளஞ்சியப்பனும் ஒருவன்.

"ஒரு வாரம் பொறுத்துக்கக்கா. நாளைக்கு உம் பேரன் ஆபீசரா உக்காருவான்."

"உக்காரட்டும்டா. அதப் பாக்க அவன் தாத்தன் இருக்கணுமில்ல?"

பக்கத்து வீட்டு இருசம்மாள் கட்டியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். "இதுக்கா அறுக்கச் சொன்னான்? வெறும் நெறிடீ. கால்ல முள்ளு குத்துனா தொடையில கட்டிக்கினு நிக்குதில்ல, அதும்மாரி. வெளக்கெண்ண போட்டுக் கீழ நீவி உடு, கரைஞ்சிடும்."

சாலை இல்லை, டாக்டர் இல்லை. என்ன செய்வாள், சொல்லுங்கள்? சனிக்கிழமை காலைதான் முதல்முறை நீவினாள். நீவிவிட்டுப் படத்தைப் பார்த்தபோதுதான் புள்ளி இறங்கியிருந்தது. கரைகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வெட்டுண்ட மரங்களின் பச்சை வாடையும், எரியும் டயரின் கரும்புகையும் வீட்டுக்குள் வந்து எண்ணெய் மணத்தோடு கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ள, காலையும் மாலையும் தாடைக்கடியிலிருந்து தோளெலும்பு வரை அவள் விரல்கள் வழுக்கி இறங்கின. கட்டி கொட்டைப்பாக்குப்போல் உருண்டு விரலுக்கு முன்னால் ஓடியது.

"சொகமா இருக்குது காசி," என்றான் கண்ணாயிரம்.

ஞாயிறு, படத்தில் இரண்டு புள்ளி. செவ்வாய், ஐந்து. கழுத்திலும் ஐந்து.

நீவுவதை நிறுத்தினாள். எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

புதன் காலை, அவள் தொடாத கழுத்தில் புதிதாக எண்ணெய் மினுங்கியது.

வியாழன். வாசலில் கொளஞ்சியப்பன் கத்தினான்: "வழி வுட்டாச்சிக்கா! மாமாவக் கெளப்பு!"

படத்தை எடுத்தாள். ஜன்னலில் பிடித்தாள்.

வட்டம் காலி. அதற்குக் கீழே படத்தின் விளிம்புவரை புள்ளிகள். அவற்றின்மேல், வெள்ளையாய், விரல் எலும்புகள். ஐந்து. அரிவாள் பட்டுக் கோணிய சுண்டுவிரல். அவளுடையது.

படத்தைப் பிடித்திருந்த அவள் கைகள் இரண்டும் அசையவில்லை. படத்துக்குள், அந்தக் கை கீழே இறங்கிக்கொண்டிருந்தது.